முதல் புத்தகமாக எதைக் கையில் கொடுப்பது?

“நீதான் இந்த மாயக் கதை, விண்வெளிக் கதையெல்லாம் நிறையப் படிப்பாயே, எனக்கும் ஒன்று சொல்லேன்” என்று நண்பன் ஒருவன் கேட்டான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ என்ற பாலைவனக் கோள் நாவலை எடுத்துக் கொடுத்தேன். படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிடித்ததைத்தானே கொடுக்க வேண்டும்? இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. 40-ஆம் பக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு செருகியிருந்தது. “நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் இதெல்லாம் வராது போல” என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை என்னை உறுத்தியது. அவன் சோம்பேறி வாசகன் இல்லை. வரலாறும் வாழ்க்கை வரலாறுகளும் தடித்தடியாகப் படிப்பவன். ஒரு முழு இலக்கிய வகையே தனக்கு ஆகாது என்ற முடிவுக்கு அவன் 40 பக்கத்தில் வந்துவிட்டான் என்றால், பிழை என் தேர்வில்தான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். பரிந்துரைக்கத் தகுந்த புத்தகங்கள் என்று என் மனத்தில் இருப்பவற்றை ஒன்றோடொன்று எடைபோட்டுப் பார்த்ததன் விளைவுதான் இது. இதே கேள்வியை யாராவது உங்களிடம் கேட்டிருந்தால், அல்லது நீங்களே இந்தப் பக்கம் முதல்முறை வருவதாக இருந்தால், உதவும் என்று நினைக்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

மாயக் கதைகளான மிகைபுனைவும் அறிவியல் புனைவும் வாசகரிடம் ஒரு கடன் கேட்கின்றன. “இந்தச் சொல்லுக்கு இப்போது அர்த்தம் சொல்ல மாட்டேன், நம்பி வைத்துக்கொள், பிறகு தருகிறேன்” என்கிறார் எழுத்தாளர். பழகிய வாசகர்களுக்கு அந்தக் கடன் கொடுப்பதே இன்பம். தெரியாத சொற்கள் பத்து, பதினைந்து சேர்ந்துகொண்டே போகும். அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்போது ஓர் உலகமே நம் கண்முன் கூடிவரும். பழகாதவர்களுக்கோ அதே பக்கம் ஒரு தேர்வுத்தாள் மாதிரி தெரிகிறது. நமக்குத்தான் புரியவில்லை, முன்னால் எதையோ விட்டுவிட்டோம் என்று திரும்பத் திரும்ப முதல் பக்கத்துக்குப் போகிறார்கள்.

‘டியூன்’ முதல் அத்தியாயத்தை இந்தக் கண்ணோடு மறுபடி படித்தேன். பெனே ஜெஸ்ஸரிட், கோம் ஜப்பார், க்விசாட்ஸ் ஹடராக், மென்டாட் என்று வந்துகொண்டே இருக்கின்றன. நாவலின் பின்பக்கத்தில் ஒரு சொல்லகராதியே இருக்கிறது. கதாநாயகன் பாலுக்கு வயது 15. ஆனால் அவன் ஒரு பிரபுவின் மகன், பெரிய பயிற்சி பெற்றவன். அவனுக்குத் தெரிந்தவை ஏராளம், நமக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. இதைக் கவனித்தபோதுதான் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. புது வாசகருக்கான முதல் புத்தகத்தில், கதாநாயகரும் அந்த உலகத்துக்குப் புதியவராக இருக்க வேண்டும். நம்மோடு சேர்ந்து அவரும் விழிக்க வேண்டும், நம் கேள்வியை அவர் கேட்க வேண்டும். அப்படி இருந்தால் புரியாமை ஒரு குறையாகத் தோன்றாது, கதையாகிவிடும்.

இதோடு இரண்டு சின்ன நிபந்தனைகள். புத்தகம் தன்னளவில் முடிய வேண்டும். அப்புறம், கேட்டவர் இப்போது எந்த மாதிரிப் புத்தகங்களை விரும்பிப் படிக்கிறார் என்பதோடு அதற்கு ஏதாவது உறவு இருக்க வேண்டும். புகழ், விருது, ‘இதைப் படிக்காமல் இந்தத் துறையே தெரியாது’ போன்ற காரணங்களை நான் முதல் புத்தகத்துக்கு எண்ணுவதே இல்லை.

மாயத்தின் பக்கம்: ஹாபிட்டா, எர்த்ஸீயா?

மிகைபுனைவு என்று யார் கேட்டாலும் பலர் சொல்வது டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகமாக வந்த அந்த மாபெரும் நாவலை நான் உயிராக நேசிக்கிறேன். இருந்தாலும் முதல் புத்தகமாக அதைக் கொடுக்க மாட்டேன். கதையின் மையமான மாய மோதிரத்தின் வரலாறு தெரிந்து கதாநாயகன் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கே நிறையப் பக்கங்கள் ஆகின்றன. கிளம்பிய பிறகும் பாட்டு, வம்சாவளி, பழைய காலத்து நினைவுகள் என்று கதை நின்று நின்று போகும். அந்த நிதானம்தான் பின்னால் அதன் பலமாகிறது. ஆனால் பின்னால் வரை போய்ச் சேர வேண்டுமே.

அதே உலகத்தில் நடக்கும் ‘தி ஹாபிட்’ (1937) வேறு வகை. பில்போ என்ற, வீட்டைவிட்டு நகர விரும்பாத சின்ன உருவத்து மனிதர்; ஒரு மாலையில் 13 குள்ளர்கள் வரிசையாக வந்து கதவைத் தட்டுகிறார்கள். அவருக்குச் சாகசம் பற்றி ஒன்றும் தெரியாது, நமக்கும் தெரியாது. 13 பெயர்கள் என்றால் பயப்பட வேண்டாம், நினைவில் வைக்க வேண்டியவை நான்கைந்துதான். மற்றவை எதுகைபோல் காதில் ஒலித்துவிட்டுப் போகும். இருட்டுக் குகையில் பில்போவும் அங்கே வாழும் கோலம் என்ற விசித்திரப் பிறவியும் உயிரைப் பணயம் வைத்து விடுகதை போட்டுக்கொள்ளும் ஐந்தாவது அத்தியாயம் ஒன்று போதும், யாரையும் இழுத்து உட்கார வைத்துவிடும். இந்த அத்தியாயத்துக்கு ஒரு சுவாரசியமான கதையும் உண்டு. முதல் பதிப்பில் கோலம் அந்த மோதிரத்தைப் பந்தயப் பரிசாகவே தருவதாக ஒப்புக்கொள்கிறான். பெரிய நாவலுக்கு அது ஒத்துவரவில்லை என்பதால் டோல்கீன் 1951 பதிப்பில் மாற்றி எழுதினார். பழைய வடிவத்தை என்ன செய்தார் தெரியுமா? அது பில்போ முதலில் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகத்தை அச்சிடலாமா என்று பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கருத்துக் கேட்டது தன் 10 வயது மகன் ரெய்னரிடம். பையன் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். புத்தகம் வந்தது. பரிந்துரை என்ற விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வருவான்.

‘ஹாபிட்’டின் குறை அதன் குரல். கதைசொல்லி குழந்தைகளை மடியில் உட்கார வைத்துச் சொல்வதுபோல் சொல்கிறார், நடுநடுவே நம்மை அழைத்துப் பேசுகிறார். சில பெரியவர்களுக்கு முதல் பத்துப் பக்கத்திலேயே ‘இது சின்னப் பசங்களுக்கு’ என்று தோன்றிவிடும். கடைசிப் பகுதியில் பேராசை, போர், மரணம் என்று கதை கனத்துவிடுகிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தால் பொறுத்துப் போவார்கள். பெண் பாத்திரமே கிட்டத்தட்டக் கிடையாது என்பது இன்னொரு குறை, அதற்குச் சமாதானம் ஏதும் என்னிடம் இல்லை.

எதிர்ப்பக்கம் உர்சுலா லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968). சுமார் 200 பக்கம். எங்கு பார்த்தாலும் கடலும் தீவுகளும். கோண்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் ஒரு சிறுவன், தன் சிற்றன்னை ஆடுகளைக் கூப்பிடச் சொன்ன சொற்களைக் கேட்டு, அர்த்தம் தெரியாமலே தானும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வருகின்றன. வந்தவை போகவில்லை. அவனை நெருக்கிச் சூழ்ந்துகொண்டு கூடவே நடக்கின்றன. அவனுக்கு அழுகை வந்துவிடுகிறது. மொத்த நாவலும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது: சொல்லுக்குச் சக்தி உண்டு, ஆனால் ஏவத் தெரிந்தவனுக்கு அடக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த உலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. பெயரை அறிந்தவன் பொருளை ஆளலாம். அதனால் யாரும் தன் உண்மைப் பெயரை வெளியே சொல்வதில்லை. கர்வத்தால் பெரிய தவறு செய்து, முகத்தில் வடுவோடு, எல்லோராலும் ஒதுக்கப்பட்டு, கெட் என்ற அந்த ஆடு மேய்த்த சிறுவன் நிற்கும்போது, அவன் நண்பன் விடைபெறும் நேரத்தில் தன் உண்மைப் பெயரை அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் காட்சி. கட்டிப்பிடிக்கவில்லை, நீளமாகப் பேசவில்லை. நட்பைப் பற்றி இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு அழுத்தமாக எழுதப்பட்டதை நான் அதிகம் படித்ததில்லை.

மந்திரவாதிகளுக்கான பள்ளிக்கூடம் இதில் இருக்கிறது, பிற்காலத்தில் உலகமெங்கும் பிரபலமான மந்திரப் பள்ளிக் கதைகளுக்குப் பல்லாண்டுகள் முன்பே. ஆனால் பள்ளி இங்கே சில அத்தியாயங்கள்தான். எதிரி யார் என்ற கேள்விக்கு லெ குவின் தரும் பதில், 13 வயதில் படித்தால் ஒன்றாகவும் 40 வயதில் படித்தால் வேறாகவும் இருக்கும். கெட்டின் தோல் செம்பழுப்பு நிறம் என்பதும், அந்தக் காலத்து மிகைபுனைவில் அது அபூர்வம் என்பதும் கவனிக்க வேண்டியவை.

எர்த்ஸீயின் சிக்கல் அதன் தூரம். பழைய வரலாற்றுப் பாடலைப் போல, உயரத்திலிருந்து சொல்லப்படும் கதை, உரையாடல் குறைவு. திரைப்பட வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதலில் வறட்சியாக இருக்கலாம். பெண்களின் மந்திரம் மட்டமானது என்று ஒரு பழமொழியே அந்த உலகத்தில் உண்டு. லெ குவின் பின்னாளில் தன் பார்வையையே மறுபரிசீலனை செய்து 1990-இல் ‘டெஹானு’வை எழுதினார். இதனால்தான் என் அக்காவுக்கு நான் முதல் பாகத்தைக் கொடுக்காமல், இரண்டாவதான ‘தி டூம்ப்ஸ் ஆஃப் அட்டுவான்’ (1971) நாவலைக் கொடுத்தேன். பெயரைப் பறிகொடுத்து, இருட்டான சுரங்க வழிகளுக்குப் பூசாரியாக வளர்க்கப்படும் டெனார் என்ற பெண்ணின் கதை. முதல் பாகம் படிக்காமலே புரியும். அக்கா குடும்ப நாவல்களை விரும்பிப் படிப்பவர். சின்ன வயதில் பிறர் முடிவு செய்துவிட்ட வாழ்க்கையிலிருந்து ஒருத்தி வெளியே வருவது அவருக்கு அன்னியமாகத் தெரியவில்லை. முடித்துவிட்டு முதல் பாகத்தை அவராகவே கேட்டு வாங்கினார்.

ஆக, 10 முதல் 12 வயதுப் பிள்ளை என்றால் ஹாபிட். சிரிப்பும் பயமும் சாகசமும் வேண்டும் என்று கேட்கும் பெரியவருக்கும் ஹாபிட்தான். ‘மாயக் கதை என்றாலே குழந்தைத்தனம்’ என்று நினைப்பவருக்கு எர்த்ஸீ. இரண்டில் ஒன்றை மட்டும்தான் கொடுக்கலாம் என்று கட்டாயப்படுத்தினால் நான் எர்த்ஸீயை எடுப்பேன்.

மூன்றாவதாக ஒரு புத்தகம் எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’ (2020). முடிவில்லாத மண்டபங்கள், ஆயிரக்கணக்கான சிலைகள், கீழ்த்தளத்தில் அலையடிக்கும் கடல். அங்கே வாழும் ஒருவனின் நாட்குறிப்பு. தான் யார் என்பதே அவனுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் அவனுக்கு அதில் குறையும் இல்லை. துப்பறியும் கதை படிப்பவருக்கு இதைத் தயங்காமல் கொடுக்கலாம். கதாநாயகனுக்கு முன்னாலேயே வாசகர் துப்புகளைக் கோக்கத் தொடங்கிவிடுவார். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்வது படிக்கப் போகிறவருக்குச் செய்யும் துரோகம்.

நீண்ட தொடர்கள்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடர் 1996-இல் தொடங்கியது. ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது, ஆறாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். ராபர்ட் ஜோர்டானின் ‘தி வீல் ஆஃப் டைம்’ 14 பாகம். அவர் 2007-இல் இறந்துவிட, கடைசி மூன்றை அவருடைய குறிப்புகளை வைத்துப் பிராண்டன் சாண்டர்சன் முடித்தார். இவை வாழ்க்கையில் சில ஆண்டுகளைக் கேட்கும் புத்தகங்கள். புதியவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

தொடர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’. முதல் மூன்று பாகங்கள் 2006 முதல் 2008 வரை அடுத்தடுத்து வந்து கதை முடிந்துவிடுகிறது. உலோகத்தை விழுங்கி எரித்தால் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு சக்தி என்ற விதி. அந்த விதியைத் தெருவில் திருடிப் பிழைக்கும் வின் என்ற பெண் கற்றுக்கொள்ளும்போது நாமும் கற்கிறோம். மொழியில் அழகு தேடாதீர்கள். கட்டுமானம் கெட்டி. விளையாட்டின் விதிகளை ரசிப்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசை 41 நாவல், ஆனால் பெரும்பாலானவை தனித்தனிக் கதைகள். 1983-இல் வந்த முதல் நாவலிலிருந்து தொடங்க வேண்டாம், அப்போது அவர் இன்னும் தன் குரலைத் தேடிக்கொண்டிருந்தார். காவலர்களைப் பற்றிய ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ (1989) நல்ல வாசல்.

அறிவியலின் பக்கம்

இங்கே பெரும்பாலும் முதலில் கைநீட்டப்படுவது ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’. பேரரசு சரியப் போகிறது, 30,000 ஆண்டு இருட்டு வரப்போகிறது, அதை 1,000 ஆண்டாகக் குறைக்க ஒரு கணித மேதை திட்டம் போடுகிறார். கருத்து என்ற அளவில் இதைவிடப் பெரிதாக யோசிக்க முடியாது. வரலாறு படிக்கும் என் நண்பனுக்கு முதலில் இதைக் கொடுத்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். ஆனால் 1951-இல் நூலாக வந்த இதன் ஐந்து பகுதிகளில் நான்கு, 1942 முதல் 1944 வரை பத்திரிகையில் தனித்தனியாக வந்தவை. ஒரு பகுதியில் பழகிய மனிதர் அடுத்த பகுதியில் சிலையாகிவிடுகிறார். பெரிய நிகழ்ச்சிகள் மேடைக்குப் பின்னால் நடக்க, அறைகளில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு போக விரும்பும் வாசகருக்கு இது ஏமாற்றம்.

அசிமோவ்தான் வேண்டும் என்றால் ‘ஐ, ரோபாட்’ (1950) கொடுங்கள். ஒன்பது கதைகள். மனிதருக்குத் தீங்கு செய்யாதே, கட்டளைக்குக் கீழ்ப்படி, உன்னைக் காத்துக்கொள் என்ற மூன்று விதிகள்; ஒவ்வொரு கதையும் அந்த விதிகளில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்க்கிறது. புதன் கோளில் ஒரு ரோபோ எடுக்கப் போன பொருளை எடுக்காமல், திரும்பியும் வராமல் வட்டமடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் விதியும் மூன்றாம் விதியும் சம எடையில் இழுப்பதுதான் காரணம் என்று கண்டுபிடிக்கும் இடம், நல்ல கணக்கு ஒன்று விடுபடும்போது வரும் நிறைவைத் தரும். இயந்திரங்களுக்கு விதி எழுதிவிட்டால் போதுமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் இந்தப் பழைய கதைகள் புதிதாகவே இருக்கின்றன.

பொறியியல் மனம் கொண்டவருக்கு இரண்டு புத்தகங்கள் போட்டி போடுகின்றன: ஆர்தர் சி. கிளார்க்கின் ‘ராண்டேவூ வித் ராமா’ (1973), ஆண்டி வெயரின் ‘தி மார்ஷியன்’. கிளார்க்கின் நாவலில் 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் உருளை சூரியக் குடும்பத்துக்குள் நுழைகிறது. மனிதர்கள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். உள்ளே இருட்டு, குளிர், யாருமில்லை. கதை அவ்வளவுதான்; ஆனால் அந்த இருட்டில் வெளிச்சம் வரும் கணத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது என்பதையும், மனிதர்கள் பெயரளவில்தான் இருக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வியப்பு மட்டுமே போதும் என்பவருக்கு இது விருந்து. பெரும்பாலானோருக்குப் போதாது.

‘மார்ஷியன்’ அப்படியில்லை. 2011-இல் வெயர் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டுத் தானே வெளியிட்டது, 2014-இல் பெரிய பதிப்பகம் வழியாக வந்தது. செவ்வாயில் தனியாக விடப்பட்டவன் உருளைக்கிழங்கு பயிரிடுகிறான், ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர் உண்டாக்குகிறான், கலோரிக் கணக்குப் போடுகிறான். ஒவ்வொரு சிக்கலையும் நமக்கு விளக்கிவிட்டுத்தான் தீர்க்கிறான். என் அளவுகோலுக்கு இதைவிட நன்றாகப் பொருந்தும் அறிவியல் புனைவு குறைவு. தொடக்கத்தில் வரும் பயங்கரப் புயல் மட்டும் உண்மையில் நடக்காது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, அது எதையும் தள்ளிச் சாய்க்காது. கதைக்காக வைத்தேன் என்று வெயரே ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் வரியே வசைச்சொல் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் யோசியுங்கள். மனித மனத்தின் ஆழம் வேண்டும் என்பவருக்கு இந்தப் புத்தகம் மேலோட்டமாகப் படும். அவன் அவ்வளவு தனிமையில் இருந்தும் தனிமையைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்கிறான்.

அப்படிக் கேட்பவர்களுக்கு வேறு அலமாரி. அங்கே எனக்கு மூன்று புத்தகங்கள்.

டேனியல் கீஸின் ‘ஃப்ளவர்ஸ் ஃபார் ஆல்ஜெர்னான்’ முதலில் 1959-இல் சிறுகதையாக வந்து, 1966-இல் நாவலானது. அறிவுத்திறன் குறைந்த சார்லி, மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேதையாகிறான். அதே சிகிச்சை செய்யப்பட்ட ஆல்ஜெர்னான் என்ற எலிக்கு என்ன ஆகிறது என்பதில் அவன் எதிர்காலம் இருக்கிறது. விண்கலம் இல்லை, வேற்றுக்கோள் இல்லை, புதுச் சொல் ஒன்றுகூட இல்லை. தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நண்பர்கள் என்று நம்பியிருந்தவனுக்கு, அந்தச் சிரிப்பின் பொருள் புரியும் நாள் வரும்போது நெஞ்சு கனத்துவிடும்.

ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) 1976-இல் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண்ணை, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாந்தின் அடிமைப் பண்ணைக்குத் திரும்பத் திரும்ப இழுத்துச் செல்கிறது. எப்படி என்று பட்லர் விளக்குவதே இல்லை. விளக்கம் தேவைப்படவும் இல்லை. அங்கே அவள் காப்பாற்ற வேண்டியிருப்பது யாரை என்று தெரியும்போது, காலப்பயணம் என்பது ஒரு விளையாட்டுக் கருவி என்ற எண்ணமே போய்விடும். வரலாற்று நூல்கள் அடிமை முறையை வெளியிலிருந்து காட்டும். இந்த நாவல் நம்மை அதற்குள் எழுந்து, வேலைக்குப் போய், பயந்து, பழகிப்போக வைக்கிறது. பழகிப்போவதுதான் கொடுமை என்பதை டேனாவும் உணர்கிறாள். வன்முறை கடுமையாக இருக்கும் என்று சொல்லிக் கொடுப்பது அவசியம்.

மூன்றாவது, டெட் சியாங்கின் ‘ஸ்டோரீஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்’ (2002), எட்டுக் கதைகள். தலைப்புக் கதையில் ஒரு மொழியியலாளர் வேற்றுக்கோள் உயிர்களின் எழுத்தைக் கற்கிறார். கற்கக் கற்க அவர் காலத்தை உணரும் விதமே மாறுகிறது. அதைத் தன் மகளிடம் சொல்வதுபோல் சொல்கிறார், ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது மெல்லத்தான் தெளியும். இதைத் தழுவிய திரைப்படம் 2016-இல் வந்தது. சிறுகதை என்பதால் பரிந்துரைக்க மிக வசதி. “இந்த ஒன்றை மட்டும் படி, பிடிக்காவிட்டால் விட்டுவிடு” என்று சொல்ல முடிகிறது. இருந்தாலும் தொகுப்பை வரிசையாகப் படிக்கச் சொல்லாதீர்கள். நடுவில் சில கதைகள் கணிதத்தோடு மல்லுக்கட்டும்.

லியூ சிஷினின் ‘தி த்ரீ-பாடி ப்ராப்ளம்’ பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். சீன மொழியில் 2008-இல் நூலானது, ஆங்கில வடிவம் 2015-இல் ஹியூகோ விருது பெற்றது. கலாச்சாரப் புரட்சிக் காட்சிகளில் தொடங்கும் முதல் பகுதி அசாத்தியமானது. பிறகு வரும் இயற்பியலும் கணினி விளையாட்டுப் பகுதிகளும் பழகிய வாசகருக்கானவை. ஐந்தாவது, ஆறாவது புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் எவ்வளவு இடம் கொடுக்கிறது

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவருக்கு மேலே சொன்ன வரிசை கொஞ்சம் மாறும். இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ‘ஆல்ஜெர்னான்’ கருத்தளவில் மிக எளிய புத்தகம், ஆனால் முதல் பக்கங்கள் முழுக்கச் சார்லியின் எழுத்துப்பிழைகள். ஆங்கிலத்தில் ஊறியவர் அதைச் சிரமமின்றிக் கடந்துவிடுவார். நாம் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் பிடிபடும். வாய்விட்டுப் படியுங்கள் என்று சொல்லியே கொடுக்கிறேன்.

அசிமோவின் ஆங்கிலம் தெளிந்த தண்ணீர். வெயருடையது பேச்சு மொழி, வேகமானது. கொச்சைச் சொற்கள் இருந்தாலும் தடுக்காது. லெ குவினின் சொற்கள் எளியவை, வாக்கியங்களின் தாளம் பழகச் சற்று நேரம் எடுக்கும். டோல்கீனின் பெரிய நாவலில் பழைய நடையும் பாடல்களும் உண்மையிலேயே தடைதான். பாடல்களைத் தாண்டிப் போனாலும் பாதகமில்லை, நான் முதல் தடவை அப்படித்தான் படித்தேன்.

ஆங்கிலமே வேண்டாம் என்பவருக்கு நான் சொல்வது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததற்குக் கையைப் பிடித்து இழுக்கும். எல்லாவற்றுக்கும் அரசின் அனுமதி வேண்டிய ஒரு எதிர்காலத்தில், தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தெரியாத நிலா. அவளுக்குத் துணையாக, புத்தகம் படித்துப் படித்து அவளைவிட வேகமாகச் சிந்திக்கத் தொடங்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். அறியாத கதாநாயகி, கூடவே வளரும் வாசகர் என்ற என் அளவுகோல் இங்கே அப்படியே பொருந்துகிறது. அக்கா மகன் இதை இரண்டே நாளில் முடித்தான்.

டியூனை எப்போது கொடுப்பது

நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். ஓராண்டு கழித்து அவனுக்கு ‘கிண்ட்ரெட்’ கொடுத்தேன். வரலாறு படிப்பவன், அதனால்தான். படித்துவிட்டு நள்ளிரவில் அழைத்தான். அடுத்து லெ குவினின் ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ (1969) போயிற்று: உறைபனிக் கோள், நிலையான ஆண் பெண் பேதமில்லாத மக்கள், அங்கே தூதராக வந்து எதையும் சரியாகப் புரிந்துகொள்ளாத ஒரு மனிதன். முதல் பாதியில் இரண்டு மூன்று முறை அலுத்துக்கொண்டான். பனிப்பாறைமேல் இருவர் மட்டும் நடக்கும் பகுதி வந்ததும் அலுப்பு போய்விட்டது. தெரியாத சொல்லைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு நடக்க அவன் பழகிவிட்டான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

பிறகு அவனே அந்தப் பாலைவனப் புத்தகத்தைக் கேட்டான். இந்தத் தடவை மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தேன். முதல் 100 பக்கம்வரை பின்னாலுள்ள அகராதியைத் திறக்காதே. துரோகி யார் என்பதை ஹெர்பர்ட் இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடுவார், அது தவறி வந்ததில்லை. தெரிந்துகொண்டே பார்க்க வேண்டிய துயரம் அது. அப்புறம், மதத்தையும் அரசியலையும் விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் கவனித்துக்கொண்டு போ. வியர்வையைக்கூடச் சேமித்துக் குடிக்கும் மக்கள், ஒரு துளி கண்ணீரை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே படி.

புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. போன வாரம் பேசும்போது, இரண்டாம் பாகம் உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டான்.